ஸ்டெர்ன் டிரைவ் மக்கர் செய்தால்: காவிரிக் கழிமுகத்தில் ஓடும் வேகப்படகுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

என்ஜின் படகுக்குள்ளே, அமரத்தை (பின்முனையை) ஒட்டி இருக்கும். அதன் சுழற்சி பின்பலகையைத் துளைத்து வெளியே வந்து, பல்சக்கரங்களில் ஒருமுறை கீழ்நோக்கித் திரும்பி, அடியில் மறுமுறை பின்நோக்கித் திரும்பிப் புரொப்பெல்லரைச் சுற்றும். ஸ்டெர்ன் டிரைவ் என்பது இவ்வளவுதான். 1959-இல் வோல்வோ பென்டாவின் அக்குவாமேட்டிக்கும் 1961-இல் மெர்க்ரூசரும் வந்த நாளிலிருந்து இந்த அடிப்படை மாறவில்லை. டிரைவ் இடம் வலம் திரும்ப வேண்டும், மேலே கீழே ஏற வேண்டும், ஆனாலும் கடல் உள்ளே வரக்கூடாது. அதனால் படகுக்கும் டிரைவுக்கும் நடுவில் காவலாக நிற்பது மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் குழாய். அதற்குப் பெயர் பெல்லோஸ்.

பழையாற்றிலிருந்து மல்லிப்பட்டினம் வரை பட்டறைக்கு வரும் டிரைவுகளுக்கு ஒரு பொதுக்குணம் உண்டு. பல்சக்கரம் உடைந்தது என்று சொல்லிக் கொண்டுவருவார்கள். திறந்தால், அதற்குப் பல வாரம் முன்பே ஒரு சீலோ ஓ-ரிங்கோ பெல்லோஸோ கைவிட்டிருக்கும். ஆகவே கீழே எந்த அறிகுறியானாலும் முதலில் ரப்பரையும் தண்ணீர் நுழையும் வழியையும் பாருங்கள். இரும்புக்குக் கடைசியில்தான் முறை. அளவுகள் பெரும்பாலும் மெர்க்ரூசர் ஆல்ஃபா, பிராவோ வகைகளுக்கானவை. மற்ற கம்பெனி டிரைவுக்கு வழிமுறை இதேதான், எண்களை மட்டும் அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கியர் ஆயில் பால்போல் வெளுத்திருக்கிறது

தண்ணீர் புகுந்துவிட்டது, அதில் இரண்டாம் பேச்சில்லை. எந்த வழியாக என்பதுதான் கேள்வி.

படகைக் கரையேற்றி ஒரு இரவு அப்படியே விடுங்கள். காலையில் டிரைவை நேராக இறக்கி வைத்து, அடிப்பிளக்கை முழுவதும் கழற்றாமல் ஓரிரு சுற்று மட்டும் தளர்த்துங்கள். ஆயிலைவிடத் தண்ணீர் கனம். ஆகவே முதலில் தெளிந்த நீர் சொட்டினால் நிறையப் புகுந்திருக்கிறது என்று பொருள். நீர் தனியாக வராமல் ஆயில் மட்டும் மோர் நிறத்தில் வந்தால் கொஞ்சமாகப் புகுந்து, பல்சக்கரம் அதை நன்றாகக் கடைந்திருக்கிறது. பிளக்கின் காந்தத்தையும் பாருங்கள். மையைத் தொட்டதுபோல் கருப்பாக, விரலில் தேய்த்தால் மாவாக இருந்தால் சாதாரணத் தேய்மானம். நகத்தில் சிக்கும் செதில் இருந்தால் பேரிங்கோ பல்லோ போய்க்கொண்டிருக்கிறது. இனி படகை ஓட்டாதீர்கள்.

நம் பக்கத்தில் முதல் சந்தேகம் தங்கூசி (நைலான் வலை நரம்பு) மீதுதான் விழவேண்டும். அறுந்த வலைத்துண்டு நீரில் மிதந்து வந்து புரொப்பெல்லருக்கு முன்னால் உள்ள தண்டில் சுற்றும். நிமிடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் சுற்றில் அது சூடேறி, கத்திபோல் ஆயில் சீலின் உதட்டை அறுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. புரொப்பெல்லரைக் கழற்றி, தள்ளுவாஷரையும் எடுத்து, அதன் பின்னால் பார்த்தால்தான் நரம்பு உருண்டையாகச் சிக்கியிருப்பது தெரியும். வலை நிறைய விரியும் பகுதியில் ஓடும் படகுக்கு இருபது மணி நேரத்துக்கு ஒருமுறை புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்ப்பதில் செலவு கால்மணி நேரம். மாட்டும்போது ஸ்பிளைனில் (தண்டின் நீளவாக்குப் பற்களில்) கடல்நீர் தாங்கும் கிரீஸ் தடவி, ஒற்றைப் புரொப்பெல்லர் நட்டைக் குறைந்தது 75 நியூட்டன் மீட்டர் இறுக்கி, பூட்டுத் தகட்டின் காதை மடக்குங்கள்.

நரம்பு இல்லையென்றால் பிரஷர் டெஸ்ட். டிரைவைப் படகில் இருந்தபடியே சோதிக்கலாம், கழற்றி வைத்தும் சோதிக்கலாம்.

1. ஆயிலை முழுக்க வடியுங்கள். அடிப்பிளக்கை மூடி, மேல் வென்ட் துளையில் கேஜ் வைத்த அடாப்டரை மாட்டுங்கள். படகுக்குள் தனி ஆயில் பாட்டில் வைத்த டிரைவானால் அந்தக் குழாயையும் அடைக்க வேண்டும்.
2. கைப்பம்பால் முதலில் 3 முதல் 5 பி.எஸ்.ஐ. மட்டும் ஏற்றுங்கள். சில சீல்கள் அதிக அழுத்தத்தில் உதடு இறுகி நல்லதுபோல் நடிக்கும், குறைந்த அழுத்தத்தில்தான் உண்மை சொல்லும்.
3. ஐந்து நிமிடம் பொறுத்து 10 முதல் 12 வரை ஏற்றுங்கள். புரொப்பெல்லர் தண்டையும் மேலே யூ-ஜாயின்ட் (மடங்கும் இணைப்பு) தண்டையும் கையால் சுற்றிக்கொண்டே இருங்கள். தண்டு நிற்கும்போது பிடித்துக்கொள்ளும் சீல், சுற்றும்போது விட்டுவிடுவது உண்டு.
4. சோப்புத் தண்ணீரைத் தண்டின் வாய், பிளக்குகள், மேல்-கீழ் பகுதிகள் சேரும் இடம், ஷிப்ட் தண்டின் வாய் என்று எல்லா இடத்திலும் தெளித்துக் குமிழி தேடுங்கள்.
5. அதே பம்பை மாற்றி மாட்டி வெற்றிடச் சோதனையும் செய்யுங்கள். புரொப்பெல்லர் தண்டில் இரண்டு சீல் முதுகோடு முதுகு வைத்திருப்பார்கள். ஒன்று ஆயிலை வெளியே விடாது, மற்றது கடலை உள்ளே விடாது. அழுத்தச் சோதனை முதல் சீலைத்தான் கேட்கிறது. கடல் சீலைக் கேட்க வெற்றிடம்தான் வேண்டும். அவசரத்தில் இந்தப் படியை விட்டுவிட்டு, "டெஸ்ட் ஓகே, ஆனாலும் தண்ணி வருது" என்று தலையைச் சொறிபவர்கள் ஏராளம்.

எளிய குற்றவாளியை மறக்க வேண்டாம்: பிளக்கின் வாஷர். பழைய நசுங்கிய வாஷரையே திரும்பப் போட்டால் அடுத்த வாரமே ஆயில் வெளுக்கும். சீல் மாற்றும்போது தண்டில் சீல் உதடு ஓடி ஓடி விழுந்த பள்ளம் நகத்துக்குத் தட்டுப்பட்டால், புது சீலும் அதே பள்ளத்தில்தான் உட்கார்ந்து கசியும். சீலை ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்க இடமிருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் தண்டை மாற்றுங்கள்.

ஆயில் நிரப்புவது எப்போதும் கீழிருந்து மேலே. அடிப்பிளக் வழியாகப் பம்பால் ஏற்றி, மேல் துளையில் குமிழி இல்லாமல் ஆயில் வழிந்ததும் மேல்பிளக்கை முதலில் மூடி, பிறகு பம்பை எடுத்து அடிப்பிளக்கை மூடுங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று சிக்கி, மேல் பல்சக்கரம் வறண்டு ஓடும். அளவு தோராயமாக: பாட்டிலோடு சேர்த்து ஆல்ஃபா ஒன் இரண்டாம் தலைமுறைக்கு 1.9 லிட்டர், பிராவோ ஒன்னுக்கு 2.6, பிராவோ டூவுக்கு 3.1, பிராவோ த்ரீக்கு 2.8. இதைவிட மிகக் குறைவாக ஏறினால் உள்ளே காற்று நிற்கிறது. லாரிக்குப் போடும் 90 நம்பர் ஆயிலை ஊற்ற வேண்டாம். கடல்வகை ஆயிலில் நீர் கொஞ்சம் கலந்தாலும் துரு ஏறாமல் தடுக்கும் சேர்மானம் இருக்கிறது, லாரி ஆயிலுக்கு அந்தக் கவலை இல்லை. மாற்றும் கெடு 100 மணி நேரம் அல்லது ஒரு வருடம், எது முந்தியோ அது. புது டிரைவுக்கு முதல் மாற்றம் 20 மணி நேரத்தில்.

ஆயில் பாட்டில் மட்டம் இறங்குகிறது, அல்லது ஏறுகிறது

ஏறினால் தண்ணீர், மேலே சொன்ன கதைதான். இறங்கினால் ஆயில் எங்கே போகிறது என்று பாருங்கள். ஆற்றில் நிற்கும்போது படகைச் சுற்றி வானவில் படலம் தெரிந்தால் புரொப்பெல்லர் சீல். வெளியே எதுவும் தெரியாமல் இறங்கினால் மேல் தண்டின் சீல் போய், ஆயில் பெல்லோஸுக்குள் தேங்குகிறது. அது யூ-ஜாயின்டில் பட்டு உள்ளே முழுக்கத் தெறிக்கும், ரப்பரும் ஊறி உப்பும். புதிதாக ஆயில் மாற்றிய உடன் மட்டம் சிறிது இறங்குவது, சிக்கிய காற்று வெளியேறுவதால். ஒருமுறை ஊற்றி நிரப்பிப் பாருங்கள். அதன் பிறகும் 60 மில்லிக்கு மேல் கேட்டால் கசிவுதான்.

திருப்பும்போது உறுமல், அல்லது டக் டக் என்ற சத்தம்

இரண்டும் வேறு வேறு நோய்.

நேராகப் போகும்போது அமைதி, ஸ்டீயரிங்கை ஒடித்தால் அடித்தொண்டையில் உறுமல் என்றால் ஜிம்பல் பேரிங். பின்பலகைக்குள் உட்கார்ந்து தண்டைத் தாங்கும் பேரிங் இது. உறுமாமல், திருப்பத்தில் டக் டக் என்று எண்ணக்கூடிய தட்டல் வந்தால் யூ-ஜாயின்ட். லாரிக்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் அதே உறுப்பு. இரண்டும் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றே: பெல்லோஸில் ஒரு ஊசிக்கீறல், அதன் வழியே உவர்நீர்.

உறுதிசெய்ய டிரைவைக் கழற்ற வேண்டும். ஆல்ஃபாவானால் முன்கியரில் போட்டு, பிராவோவானால் நியூட்ரலில் வைத்துக் கழற்றுங்கள். இதை மாற்றிச் செய்தால் ஷிப்ட் பாகங்கள் வளையும். டிரைவை ஏற்றி இறக்கும் டிரிம் சிலிண்டரின் பின்முனைப் பின்னை எடுத்து, ஆறு நட்டையும் கழற்றி, செயின் பிளாக்கில் தொங்கவிட்டு நேராகப் பின்னால் இழுங்கள். இரண்டு பேர் சேர்ந்து தூக்கிக் கொள்ளலாம் என்று இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு.

வெளியே எடுத்ததும் பெல்லோஸுக்குள் விரலை விட்டுத் துழாவுங்கள். காய்ந்த துருப்பொடி, ஈரம், உப்புப் படிவு எது இருந்தாலும் பெல்லோஸ் போய்விட்டது. ரப்பரின் மடிப்புப் பள்ளத்தை விரித்துப் பாருங்கள், கீறல் மேட்டில் வராது, பள்ளத்தில்தான் வரும். ஜிம்பல் பேரிங்கை விரலால் சுற்றினால் மணல் அரைப்பதுபோல் இருக்கக்கூடாது. யூ-ஜாயின்டை எல்லாத் திசையிலும் மடக்கினால் ஒரே சீராக வரவேண்டும். ஒரு இடத்தில் நின்று நின்று வந்தால் உள்ளே ஊசி பேரிங் குழி விழுந்திருக்கிறது.

பேரிங்கை மாற்றும்போது அதிலுள்ள துளையும், வெளியே உள்ள கிரீஸ் நிப்பிளிலிருந்து வரும் துளையும் நேர்பட வேண்டும். கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தால் அடுத்த இரண்டு வருடமும் கிரீஸ் அடித்துக்கொண்டே இருப்பீர்கள், பேரிங்குக்கு ஒரு சொட்டும் போகாது.

மூட்டுவதற்கு முன் என்ஜின் நேர்க்கோட்டில் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அதற்கென்று உள்ள அலைன்மென்ட் கம்பியை ஜிம்பல் பேரிங் வழியாக நுழைத்தால், இரண்டு விரல் பலத்தில் என்ஜினைத் தண்டோடு இணைக்கும் கப்ளரின் ஸ்பிளைனுக்குள் முழுவதும் போய், அதே இலகுவில் வெளியே வரவேண்டும். சுத்தியல் கேட்டால் நேரில்லை. கம்பி முனையில் மெல்லிய கிரீஸ் பூசி நுழைத்து எடுத்து ஸ்பிளைன் பதிவைப் பாருங்கள். சுற்றிலும் ஒரே அளவில் பதிந்திருக்க வேண்டும். மேலோ கீழோ மட்டும் அழுந்தியிருந்தால் என்ஜினின் முன் மவுன்ட் நட்டுகளைச் சிறிது சிறிதாக ஏற்றி இறக்குங்கள். படகு டிரெய்லரில் ஏறுமாறாக உட்கார்ந்திருந்தால் இந்த அளவே பொய்யாகும். அடியைச் சமமாகத் தாங்கவைத்த பிறகு செய்யுங்கள். இந்தச் சோதனையை விட்டுவிட்டுப் பேரிங்கை மட்டும் மாற்றினால், புதுப் பேரிங்கும் அதே உறுமலோடு திரும்பி வரும், கூடவே கப்ளர் ஸ்பிளைனும் தேய்ந்திருக்கும்.

ஸ்பிளைனில் கிரீஸ், யூ-ஜாயின்டில் நிப்பிள் இருந்தால் அங்கும் கிரீஸ், நட்டு 68 நியூட்டன் மீட்டர். பெல்லோஸ்களை நம் வெப்பத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் நம்பாதீர்கள். பார்வைக்கு நன்றாக இருக்கிறதே என்று விட வேண்டாம். கிழிந்தால் சத்தம் வருவதோடு முடியாது, நிறுத்திவைத்த படகு இரவோடு இரவாக மூழ்கும். நிறுத்தும்போது டிரைவை எப்போதும் கீழே இறக்கி வையுங்கள். தூக்கியே வைத்தால் பெல்லோஸ் மடிந்த வாக்கிலேயே விறைத்து, மடிப்பில் வெடிக்கும்.

ஆர்.பி.எம். ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

டிரைவில் கைவைக்கும் முன் ஒரு கணக்கு. புரொப்பெல்லரின் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்) அங்குலத்தில், கியர் விகிதம் டிரைவின் தகட்டில், ஆர்.பி.எம். டேஷில். ஆர்.பி.எம்மைப் பிட்ச்சால் பெருக்கி, விகிதத்தாலும் 1215-ஆலும் வகுத்தால், நழுவலே இல்லாத வேகம் நாட் (மணிக்கு ஒரு கடல்மைல்) கணக்கில் கிடைக்கும். 21 அங்குலப் பிட்ச், 1.5 விகிதம், 4600 ஆர்.பி.எம். என்றால் 53 நாட். ஜி.பி.எஸ். 45 காட்டினால் நழுவல் 15 சதவீதம். வேகப்படகுக்கு 10 முதல் 15 வரை இயல்பு. 25, 30 என்று போனால் எங்கோ சுழற்சி வீணாகிறது. ஓட்டத்தை ஒருமுறை ஆற்றின் போக்கிலும் ஒருமுறை எதிர்த்தும் எடுத்துச் சராசரி பாருங்கள். கொள்ளிடத்தில் தண்ணீர் வரும் நாளில் ஒரு பக்க ஓட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டால் கணக்கு உங்களை ஏமாற்றும்.

நழுவல் அதிகமென்றால் புரொப்பெல்லரின் ரப்பர் மையத்தை முதலில் பாருங்கள். உள்மையத்துக்கும் வெளி உடலுக்கும் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துவிட்டு ஓட்டுங்கள். திரும்பி வந்ததும் கோடு இரண்டாக விலகியிருந்தால் மையம் சுற்றிவிட்டது. மெதுவாகப் போனால் பிடிக்கும், முடுக்கினால் விடும் என்பது இதன் அடையாளம். கரைக்குத் திரும்ப மெதுவாக ஓட்டலாம்.

கோடு விலகவில்லை, ஆனால் திருப்பத்திலும் அலையிலும் மட்டும் ஆர்.பி.எம். திடீரென்று எகிறுகிறது என்றால் புரொப்பெல்லர் காற்றை இழுக்கிறது. டிரிம் அதிகம் தூக்கியிருக்கலாம், டிரைவ் உயரமாகப் பொருத்தப்பட்டிருக்கலாம். வெடிப்புக் குமிழால் இலைகளில் குழி விழுவது வேறு நோய், அதற்குக் காரணம் பெரும்பாலும் இலை ஓரத்தின் அடிபட்ட முனை. கழிமுக மணல்திட்டில் ஒருமுறை உரசினாலே முனை ரம்பமாகிவிடும். அரம் போட்டுச் சீராக்கலாம், இலை வளைந்திருந்தால் சமநிலை பார்க்கும் பட்டறைக்குத்தான் போகவேண்டும்.

ரப்பர் கருகிய நாற்றத்தோடு என்ஜின் மட்டும் கத்தினால் கப்ளர். பிராவோவில் நாற்றமில்லாமல், சுமையில் மட்டும் முன்கியர் விட்டு விட்டுப் பிடித்தால் கூம்பு கிளச் தேய்ந்திருக்கும், அல்லது ஷிப்ட் கேபிள் முழு நீளம் தள்ளவில்லை. கேபிளை முதலில் சரிபாருங்கள். கூம்பு விலை அதிகம், கேபிள் அட்ஜஸ்ட் செய்ய ஸ்பேனர் போதும்.

என்ஜின் சூடாகிறது

எந்த வேகத்தில் சூடாகிறது என்று கேட்டால் பாதி விடை வந்துவிடும்.

மெதுவோட்டத்தில் சூடாகி, வேகத்தில் சரியானால் பம்பு பலவீனம். வண்டல் நீர், பம்புக்குள் சுற்றி நீரைத் தள்ளும் இம்பெல்லரின் ரப்பர் இலையை மட்டுமல்ல, அது உரசும் தகட்டையும் கிண்ணத்தையும் அறுக்கும். ரப்பரை மட்டும் மாற்றி, கோடு விழுந்த கிண்ணத்தை அப்படியே விட்டால் பலன் பாதிதான். ஆல்ஃபாவில் பம்பு டிரைவுக்குள், பிராவோவில் என்ஜினின் முன்பக்கம். பழைய இம்பெல்லரின் இலைகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அந்தத் துண்டு குழாயில் முன்னே போய், பவர் ஸ்டீயரிங் கூலரின் வாயிலோ தெர்மோஸ்டாட் கூட்டிலோ உட்கார்ந்திருக்கும். அதைத் தேடி எடுக்காமல் மூடினால் வேலை முடியவில்லை.

மெதுவோட்டத்தில் சரி, வேகத்தில் ஏறுகிறது என்றால் எங்கோ வழி குறுகியிருக்கிறது. டிரைவின் இரு பக்க நீர்வாயில் பிளாஸ்டிக் பையோ, ஆகாயத்தாமரை வேரோ, கொட்டலசோ (ஓட்டோடு ஒட்டி வளரும் கடலுயிர்) அடைத்திருக்கும். ஓட்டத்தில் திடீரென்று ஏறினால் உடனே மெதுவோட்டத்துக்கு வந்து, நியூட்ரலில் ஒரு கணம் நின்று, பின்கியரில் சில விநாடி தள்ளுங்கள், பை இருந்தால் விலகிவிடும். மாதக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறினால் பின்பலகைக்குள் உள்ள நீர்க்குழாய் இணைப்பு உள்ளே அரித்துச் சுருங்கியிருக்கலாம், அல்லது ஹோஸின் உட்தோல் உரிந்து, உறிஞ்சும்போது மட்டும் வாயை மூடலாம். பிராவோவில் பம்புக்கு முன்னால் ஒரு முழம் தெளிவான ஹோஸை மாட்டி ஓட்டிப் பாருங்கள். அதில் குமிழி ஓடினால் உறிஞ்சும் பக்கம் எங்கோ காற்று வாங்குகிறது.

ஒரு பக்க எக்சாஸ்ட் எல்போ (புகை வெளியேறும் வளைகுழாய்) மட்டும் தொடமுடியாத சூடு என்றால் அந்த எல்போவில் துருவும் உப்பும் அடைத்திருக்கிறது. அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். உள்ளே ஓட்டை விழுந்தால் நீர் சிலிண்டருக்கே போகும், அப்போது டிரைவ் கதையை விட்டு என்ஜின் கதை தொடங்கும்.

கழுவும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் இரு பக்க நீர்வாயிலும் கழுவுமூடி மாட்டி, முதலில் தண்ணீரைத் திறந்து பிறகு என்ஜினை ஓட்டி, 1500-க்கு மேல் போகாமல், தெர்மோஸ்டாட் திறக்கும்வரை, அதாவது 10 முதல் 15 நிமிடம் விட வேண்டும். தெர்மோஸ்டாட் திறக்காவிட்டால் பிளாக்குக்குள் இருக்கும் உப்பு அங்கேயே இருக்கும். கடற்கரை ஊர்களில் போர்வெல் தண்ணீரே உவர்ப்பாக இருக்கும், அதில் கழுவுவது கடல்நீரைக் கொஞ்சம் குறைத்துத் திரும்ப ஊற்றுவதுதான். வாயில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், கரித்தால் குடிநீர்த் தொட்டியிலிருந்து எடுங்கள்.

கியர் விழவில்லை, நியூட்ரலுக்கு இழுத்தால் என்ஜின் அணைகிறது

ஆல்ஃபாவில் கியர் மாறுவது கீழே, பற்கள் கோத்துக்கொள்ளும் நாய்க் கிளச்சில். சுமையில் அது விடாது என்பதால், இழுக்கும் கணத்தில் ஒரு சுவிட்ச் இக்னிஷனைக் கண்சிமிட்டும் நேரம் துண்டித்து விடுவிக்கும். பின்பலகை வழியாகப் போகும் கீழ் ஷிப்ட் கேபிளில் நீர் புகுந்து துருவேறினால் இழுவை கனத்து, சுவிட்ச் நீண்ட நேரம் அமுங்கி, என்ஜின் அணையும். சுவிட்சைக் குற்றம் சொல்லி வயரைப் பிடுங்கிவிடுபவர்கள் உண்டு. அதன் பலன், அடுத்த மாதம் நாய்க் கிளச்சின் பல் உருண்டுபோவது. கேபிளை டிரைவிலிருந்து விடுவித்துக் கையால் இழுத்துப் பாருங்கள். கிணற்றுக் கயிறுபோல் இழுக்க வேண்டியிருந்தால் கேபிளையும் அதன் சிறிய பெல்லோஸையும் சேர்த்து மாற்றுங்கள்.

கியரை மெதுவாக, பார்த்துப் பார்த்துப் போடுவது மரியாதை அல்ல. மெதுவோட்டத்தில் ஒரே தட்டாகப் போட வேண்டும். தயங்கினால் பல் பல்லின் முனையில் தேயும்.

டிரிம் ஏறவில்லை

பம்பு சத்தமே இல்லையென்றால் பியூஸ், சோலனாய்டு, எர்த் வயர். சத்தம் வருகிறது, டிரைவ் அசையவில்லை என்றால் ஆயில் மட்டம். டிரிம் பட்டனில் ஏறாமல் டிரெய்லர் பட்டனில் ஏறினால் லிமிட் சுவிட்ச், அல்லது ஒவ்வொரு திருப்பத்திலும் மடங்கி மடங்கி உள்ளே அறுந்த அதன் வயர். தூக்கி வைத்தது இரவில் தானாக இறங்கினால் சிலிண்டரின் உள்சீல். முத்துப்பேட்டைக் காயலில் ஆழம் குறைந்த வாய்க்காலைக் கடக்க டிரைவைத் தூக்கி ஓட்டுவது வழக்கம். அப்போது 1000 ஆர்.பி.எம்முக்கு மேல் போகாதீர்கள். யூ-ஜாயின்ட் அதிகக் கோணத்தில் அடிபடும், நீர்வாயும் தண்ணீருக்கு வெளியே வந்துவிடும்.

ஸ்டீயரிங் ஆடுகிறது

கரையில், ஒருவர் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள மற்றவர் அடித்துடுப்பை (டிரைவின் அடியில் நீட்டிய தகட்டை) பிடித்து இடம் வலம் ஆட்டுங்கள். டிரைவோடு அதைத் தாங்கும் ஜிம்பல் வளையமும் ஆடி, உள்ளே ஸ்டீயரிங் கை அசையவில்லை என்றால் வளையத்தைத் திருப்பும் மேல் தண்டின் சதுரப்பொருத்தம் தேய்ந்திருக்கிறது. கவ்வும் போல்ட்டுகளை இறுக்கினால் தொடக்கத்திலேயே பிடித்துவிடலாம். 45 நாட்டுக்கு மேல் ஓடும் படகில் இந்த ஆட்டத்தை ஒரு நாளும் பொறுக்கக்கூடாது.

பெயின்ட் கொப்பளிக்கிறது, அடியில் வெள்ளைப் பொடி பூக்கிறது

இந்தச் சங்கதியில் டெல்டாவுக்கு மற்ற கரைகளுக்கு இல்லாத சிக்கல் ஒன்று உண்டு. வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, வெள்ளம் மிஞ்சினால் முக்கொம்பு வழியாகக் கொள்ளிடத்தில் இறங்கும். வடகிழக்குப் பருவமழையில் எல்லா வாய்க்காலும் கடலுக்கு ஓடும். அந்த மாதங்களில் முகத்துவாரத்தில் நிற்கும் படகு கிட்டத்தட்ட நன்னீரில் நிற்கிறது. சித்திரை, வைகாசியில் அதே இடத்தில் கடல் உள்ளே ஏறி நிற்கும். டிரைவின் உடல் அலுமினியம், புரொப்பெல்லர் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ். இரண்டும் ஒரே நீரில் நின்றால் அலுமினியம் கரையும். அதற்குப் பதிலாகக் கரையத்தான் ஆனோடு.

துத்தநாக ஆனோடு கடலுக்குச் சரி. நன்னீரில் சில வாரம் நின்றால் அதன்மேல் கெட்டியான ஓடு படிந்து, கடல்நீர் திரும்ப வந்தபோதும் வேலை செய்யாது. ஆனோடு தேயவே இல்லையே என்று மகிழ்வார்கள், தேய்ந்துகொண்டிருப்பது டிரைவ். மக்னீசியம் நன்னீருக்கு. கடல்நீரில் அது வேகவேகமாகக் கரைவதோடு, அளவுக்கு மீறிய பாதுகாப்பால் பெயின்ட்டையே கொப்பளிக்க வைக்கும். இரண்டு நீரும் மாறி மாறி வரும் நமக்குப் பொருந்துவது அலுமினியக் கலவை ஆனோடு. பாதி தேய்ந்ததும் மாற்றுங்கள், மேலே பெயின்ட் அடிக்காதீர்கள், வகைகளைக் கலந்து மாட்டாதீர்கள்.

புது ஆனோடு போட்டும் அரிப்பு நிற்கவில்லையென்றால் மல்டிமீட்டர். டிரைவின் வெற்று உலோகத்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே தடை ஒரு ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் பாகங்களை இணைக்கும் எர்த் வயர் ஏதோ அறுந்திருக்கிறது, அந்தப் பாகம் ஆனோடின் காவலுக்கு வெளியே நிற்கிறது. வெள்ளி-குளோரைடு மின்முனை இருந்தால் நீரில் தொங்கவிட்டு அளவெடுங்கள். கடல்நீரில் அலுமினிய டிரைவுக்கு மைனஸ் 900 முதல் 1050 மில்லிவோல்ட் நல்ல நிலை.

கொட்டலசு ஒட்டாமலிருக்கத் தாமிரம் கலந்த பெயின்ட்டை டிரைவில் அடித்துவிடுவது அடிக்கடி நடக்கும் விபரீதம். தாமிரமும் அலுமினியமும் உப்புநீரில் சேர்ந்தால் பேட்டரிதான். டிரைவுக்குத் தாமிரம் இல்லாத வகை மட்டும். படகின் அடியில் தாமிரப் பெயின்ட் இருந்தால் பின்பலகையில் டிரைவைச் சுற்றி 4 சென்டிமீட்டர் வெறுமையாக விடுங்கள்.

ஒவ்வொரு சீசனும் அதே டிரைவ் உடைகிறது

பராமரிப்பில் குறையில்லாமல் மேல் பல்சக்கரமே திரும்பத் திரும்பப் போனால், டிரைவ் அந்த என்ஜினுக்கு ஏற்றதல்ல. ஆல்ஃபா ஒன் சுமார் 300 குதிரைத்திறன் பெட்ரோல் என்ஜின்வரை தாங்கும். உதிரிபாகம் எளிது, வேலை எளிது. அதற்கு மேல் பிராவோ. அதில் ஒன் என்பது ஒற்றைப் புரொப்பெல்லர், வேகத்துக்கு. டூ பெரிய புரொப்பெல்லர், கனமான மெதுவான படகுக்கு. த்ரீ எதிரெதிராகச் சுற்றும் இரட்டைப் புரொப்பெல்லர். வோல்வோ பென்டா 1982-இல் டியோபுராப் என்று கொண்டுவந்த அதே யோசனை. இரட்டையில் படகு நேர்கோட்டில் போகும், துறையில் ஒதுக்குவது சுகம், விரைவில் நீர்மேல் எழும். ஆனால் மிக உயர்ந்த வேகத்தில் இழுவை அதிகம், நீரில் நிற்கும் ஸ்டெயின்லெஸ் பரப்பும் அதிகம் என்பதால் ஆனோடு சீக்கிரம் தீரும், தங்கூசி சுற்ற இடமும் கூடுதல். துறையில் எந்நேரமும் நிற்கும் படகுக்கு இதை யோசித்துத்தான் எடுக்க வேண்டும். 50 நாட்டைத் தாண்டுவதே குறியென்றால் ஒற்றைப் புரொப்பெல்லர், அதிலும் பலப்படுத்திய எக்ஸ்.ஆர். வகை, கூடவே வெளியே பொருத்தும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்.

எந்த டிரைவானாலும் புரொப்பெல்லரை வழக்கமான ஆள், எரிபொருள், சாமான்களோடு முழு முடுக்கில் ஓட்டிப் பார்த்தே முடிவு செய்யுங்கள். என்ஜின் கையேடு 4400 முதல் 4800 என்று சொன்னால் ஊசி அந்த இடைவெளியின் மேல்பாதியில் நிற்க வேண்டும். எட்டவில்லையென்றால் பிட்ச்சைக் குறையுங்கள், மீறினால் கூட்டுங்கள். ஒரு அங்குலத்துக்கு 150 முதல் 200 ஆர்.பி.எம். மாறும். எட்டாமலே ஓடும் படகு, மேட்டில் டாப் கியரில் ஏறும் லாரிபோல, சத்தமில்லாமல் மேல் பல்சக்கரத்தைத் தின்னும். அலை தாவிப் புரொப்பெல்லர் காற்றில் சுற்றித் திரும்ப நீரில் விழும் கணத்தில் முடுக்கை விடாமல் வைத்திருப்பவர்களுக்கு எந்த டிரைவும் ஒரு சீசனுக்குத்தான். கடுவையாற்று முகத்தில் வாடைக்கால அலையைக் கடக்கும்போது, படகு நீரை விட்டு எழும் முன்பே கை முடுக்கைக் குறைத்திருக்க வேண்டும்.